சினேட் ஓ'கானர்: காயப்பட்டவர் சொன்ன உண்மை

பிரபலமான ஒருவர் இஸ்லாத்தை ஏற்றார் என்றால் அந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொள்கிறோம். அதற்கு முன் அவர் எதையெல்லாம் கடந்து வந்தார் என்று விசாரிப்பது குறைவு. 2023 ஜூலை 26 அன்று லண்டனில் தமது 56ஆம் வயதில் மரணமடைந்த அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ'கானரின் கதையும் அப்படித்தான். 2018இல் இஸ்லாத்தைத் தழுவி ஷுஹதா என்று பெயர் வைத்துக்கொண்டவர் அவர். ஆனால், பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் அறியவேண்டிய செய்தி அதற்கு முந்தைய அவரது வாழ்க்கையில் இருக்கிறது. இசை பற்றிய மார்க்கச் சட்டம் தனியே பேசவேண்டியது. இங்கு நாம் பார்க்கப்போவது அதுவல்ல.

அடிபட்ட குழந்தை

1966இல் டப்ளினில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார் சினேட். பெற்றோர் பிரிந்தனர். பெற்ற தாயே தம்மைக் கடுமையாக அடித்து வதைத்ததாகப் பின்னாளில் அவர் பலமுறை கூறினார். பதின்ம வயதில் கடைகளில் திருடிப் பிடிபட்டதால், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சீர்திருத்த இல்லத்தில் ஒன்றரை ஆண்டுகள் இருந்தார். 1985இல் தாய் கார் விபத்தில் இறந்தார். அடித்த தாய்மீது இருந்த பாசமும் கோபமும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1990இல் வெளியான ஒரே பாடல் அவரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அந்தப் பாடலின் காட்சியில் அவர் கண்ணீர் விட்டது தாயை நினைத்துத்தான்.

கிழிக்கப்பட்ட படம்

1992 அக்டோபர் 3. அமெரிக்காவின் புகழ்பெற்ற சனிக்கிழமை இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பில் பாடி முடித்த சினேட், போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கேமராவுக்கு முன் கிழித்தார். தாயின் அறைச் சுவரில் மாட்டியிருந்த படம் அது. தேவாலயத்துக்குள் குழந்தைகள் வதைக்கப்படுவதும், அது மூடிமறைக்கப்படுவதுமே தமது கோபத்துக்குக் காரணம் என்றார்.

அவர் எழுப்பிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. படம் கிழிந்ததைத்தான் பேசினார்கள். நியூயார்க்கில் அவருடைய இசைத்தட்டுகளைச் சாலை உருளையை ஏற்றி நொறுக்கினார்கள். இரண்டே வாரத்தில், மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர் மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டது. பாட வந்த பாடலை விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் பாடிய அதே பாடலை இசைக்கருவி இல்லாமல் உரக்கப் பாடிவிட்டு இறங்கினார்.

பிற மதத்தாரின் மனம் புண்படும் செயலை நாம் ஆதரிக்கவேண்டியதில்லை. ஆனால், சொன்ன முறை தவறு என்பதற்காகச் சொன்ன விஷயமும் பொய்யாகிவிடுமா?

காலம் தந்த பதில்

2009 மே மாதம் அயர்லாந்து அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. மதச் சபைகள் நடத்திய சிறுவர் இல்லங்களில் பல பத்தாண்டுகள் நடந்த கொடுமைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாட்சியம் சொல்லியிருந்தனர். 2010இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். படம் கிழிந்து அப்போது ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 18 ஆண்டுகளும் அவருக்கு ஒட்டிய பெயர் 'புத்தி சரியில்லாதவர்'. மனநோய் தமக்கு இருப்பதை அவர் மறைக்கவில்லை. சிகிச்சை பெற்றார், தற்கொலை எண்ணம் வந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். அதையே காரணமாக்கி அவர் சொன்னதை ஒதுக்குவது பலருக்கு எளிதாகிவிட்டது.

இஸ்லாத்துக்கு வந்த பிறகும் அவர் வாழ்வு சட்டென்று அமைதியாகிவிடவில்லை. முஸ்லிமல்லாதவர்களை இழிவாகப் பேசி ஒரு பதிவு எழுதினார், அது தவறு. பின்னர் அதற்கு மன்னிப்பும் கேட்டார். 2022 ஜனவரியில் 17 வயது மகனைப் பறிகொடுத்தார். 18 மாதங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். நாள்பட்ட நுரையீரல் நோயும் ஆஸ்துமாவும் காரணம் என்று மரணச் சான்று பின்னர் தெரிவித்தது. பிரே நகரில் நடந்த இறுதி நிகழ்வில் ஷைக் உமர் அல்காத்ரி பிரார்த்தனை நடத்தினார். கடற்கரைச் சாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றனர்.

நம் வீடுகளுக்கு

கலிமா சொன்னதும் மனநோய் மறைந்துவிடும் என்று எண்ணுவது அறியாமை. ஈமான் உள்ளவருக்கும் மனம் நோயுறும். துஆவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு குழந்தை தனக்கு நேர்ந்ததை அழகாகக் கோர்த்துச் சொல்லாது. கோபமாக, முரட்டுத்தனமாக, சில வேளை திருட்டாகக்கூட அது வெளிப்படும். 'அவர் எவ்வளவு பெரிய மனிதர்', 'வெளியே தெரிந்தால் நம் மானம் என்னாவது' என்று அந்த வாயை அடைத்தால், அயர்லாந்தில் நடந்ததுதான் நம்மிடமும் நடக்கும். மத்ரஸாவானாலும், பள்ளிக்கூடமானாலும், சொந்த வீடானாலும் இதில் விலக்கில்லை. மத்ரஸாவில் ஓதி வந்தவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். நமக்கும், நம் பெற்றோருக்கும், உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அநீதி இழைக்கப்பட்டவர் உரக்கப் பேசுவதற்கு அதே அத்தியாயத்தின் 148ஆம் வசனம் இடம் கொடுக்கிறது.

இன்று இரவு உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். 'என்ன நடந்தாலும் என்னிடம் சொல், நான் நம்புவேன்' என்று சொல்லுங்கள். சினேட்டிடம் அப்படிச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.