பக்கத்தில் புனர்வாழ்வு நிலையம் வருகிறதாம், காணி வாங்கலாமா?

மாத்தளைப் பக்கம் காணி தேடி அலைகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ, பஸ் பாதைக்கு எட்டிய தூரத்தில் பத்துப் பதினைந்து பேர்ச் துண்டு ஒன்று கிடைக்கும். மிளகுக் கொடி ஏறிய கிளிசரிடியா வேலி, வற்றாத கிணறு, வாசலில் கரண்ட் கம்பம் எல்லாம் இருக்கும். விலை மட்டும் நினைத்ததைவிட இறங்கியிருக்கும். தரகர் காரணம் சொல்ல மாட்டார். சந்திக் கடையில் தேநீர் குடிக்கும்போது கடைக்காரர்தான் வாயைத் திறப்பார்: "தம்பிக்குத் தெரியாதா? மேல இருக்கிற பழைய பங்களாவுல குடுகாரனுங்களக் கொண்டாந்து வைக்கப் போறாங்களாம்."

அந்த ஒரு வார்த்தையோடு முற்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஊர்ப் பேச்சுத்தானே என்று உடனே கையெழுத்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் அவசர முடிவுகள். எந்த மாதிரியான நிலையம், யார் நடத்தப் போகிறார்கள், எத்தனை பேர் தங்குவார்கள், அவர்கள் தாங்களாக வருகிறவர்களா, நீதிமன்றம் அனுப்பி வருகிறவர்களா என்பதெல்லாம் தெரியாமல் அந்த அயல் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாத்தளைத் தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் காணி பரம்பரைச் சொத்தாக வந்ததில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுப் பாதையால் நடந்து வந்தவர்கள் மலையகத்தில் முதலில் கால் வைத்த இடங்களில் ஒன்று மாத்தளை. வரும் வழியில் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்களில் எத்தனையோ பேர் இன்றும் தங்கள் பெயரில் இல்லாத லயன் அறையில்தான் குடியிருக்கிறார்கள். 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற அரசுத் திட்டம் எல்லோரையும் எட்டவில்லை. ஆகவே வளைகுடாவில் உழைத்த காசு, கொழும்புக் கடையில் சேர்த்த சம்பளம், அம்மாவின் சேமலாப நிதி, அடகில் கிடந்து மீண்ட நகை என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாங்குகிற நிலம் இது. அந்த இடத்தில் நின்றுகொண்டு "உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்" என்று கேட்பது நியாயமே இல்லை. பயம் சரியான பொருளின் மீது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

முதல் வேலை, "வருகிறதாம்" என்ற பேச்சை எழுத்தில் உள்ள ஒன்றாக மாற்றிக்கொள்வது. இலங்கையில் போதைக்கு அடிமையானவர்களுக்கான சிகிச்சை நிலையத்தை நினைத்தவர் நினைத்த இடத்தில் திறந்துவிட முடியாது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டடம் கட்டவோ, இருக்கிற பங்களாவை விரிக்கவோ உள்ளூராட்சி சபையின் அனுமதியும் வேண்டும். ஆகவே பிரதேச சபையில் ஏதேனும் ஒரு கோப்பு இருக்கும், அல்லது இருக்காது. இரண்டில் எது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. காணி விற்கிறவர் "நாளைக்கே முடிவு சொல்லுங்கள், வேறு ஆள் வரிசையில் நிற்கிறார்" என்று நெருக்கினால், அந்த 14 வேலை நாட்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தரமாட்டேன் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மக்கள் எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்பது தெரியாத இரகசியம் அல்ல. புனர்வாழ்வு நிலையம் என்றதும் எல்லோருக்கும் கண் முன்னே வருவது கந்தக்காடு.

பொலன்னறுவை மாவட்டத்தில் வெலிக்கந்தைப் பக்கம் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது அந்த நிலையம். போருக்குப் பின் முன்னாள் போராளிகளுக்காக உருவான முகாம் அமைப்புத்தான் பின்னர் போதைப்பொருள் புனர்வாழ்வுக்குக் கைமாறியது. 2020 ஜூலையில் கொரோனாக் கொத்தணி ஒன்று அங்கே வெடித்தபோது நாடே அதன் பெயரைக் கற்றுக்கொண்டது. 2022 ஜூன் கடைசியில் உள்ளே இருந்த ஒருவர் இறந்துபோனார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். இராணுவமும் பொலிஸும் காட்டையும் வீதிகளையும் சல்லடை போட்டன. பெரும்பாலானோர் பிடிபட்டார்கள் அல்லது தாங்களாகத் திரும்பி வந்தார்கள். அந்த மரணம் தொடர்பில் கைதானவர்கள் யார்? காவலில் இருந்த படையினர்தான். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் மோதல், மறுபடியும் தப்பியோட்டம்.

தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளைப் பார்த்த ஒருவர் தன் பிள்ளைகளை நினைத்துப் பயப்படாமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓடியவர்கள் ஊரைக் கொள்ளையடிக்க ஓடவில்லை, உள்ளே இருந்ததிலிருந்து தப்ப ஓடினார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பலவந்தமாக ஓரிடத்தில் அடைத்து, மருத்துவரையும் ஆலோசகரையும் முன்னே நிறுத்தாமல் சீருடையை நிறுத்தினால் அது சிறைச்சாலையாகத்தான் நடந்துகொள்ளும். இதை மனித உரிமைக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் உட்பட 12 ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2012 மார்ச்சிலேயே கட்டாயத் தடுப்பு முகாம்களை மூடச் சொல்லி அறிக்கை விட்டன. நம் நாட்டில் 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானவர்களோடு "வேறு ஆட்கள்" என்று யாரையும் உள்ளே தள்ளக்கூடிய விதத்தில் எழுதப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று கூறிய பிறகே திருத்தப்பட்டு, 2023 ஜனவரியில் நிறைவேறியது.

ஆகவே பங்களாவுக்கு வரப்போவது கந்தக்காடு மாதிரியான பெரிய கட்டாய முகாம் என்று கோப்பு சொன்னால், அதை ஒட்டிய காணியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் சிகிச்சை என்றாலே கந்தக்காடு என்று எண்ணிவிடக் கூடாது. சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர என்ற போதை மீட்பு நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில். நாட்டிலேயே பேர்ச் விலை உச்சத்தில் நிற்கும் வட்டாரங்களில் அதுவும் ஒன்று. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சொந்த நிலையங்களில் ஒன்று தலங்கமையில் இருக்கிறது. பாராளுமன்றத்திலிருந்து அதிகத் தூரமில்லாத அந்தப் பகுதியில் காணி மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. கடல் தாண்டிப் போனால் சென்னை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அவர் பெயரில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, அடையாறை அடுத்த இந்திரா நகரில் குடியிருப்புகளுக்கு நடுவே இயங்குகிறது. குடியிலிருந்து மீள வருகிறவர்களும் அவர்களுடைய மனைவிமாரும் அதே தெருவில்தான் நடந்து போய் வருகிறார்கள். இந்திரா நகரில் ஒரு மனை என்ன விலை போகிறது என்று சென்னையில் உறவினர் இருப்பவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இதையே ஆய்வு செய்திருக்கிறார்கள். முடிவுகள் ஒரே திசையில் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் செய்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, நிலையத்துக்கு மிக அருகே உள்ள வீடுகள் 8 சதவீதம் வரை குறைவாக விலைபோனதாகவும், ஹெரோயின் போன்ற அபின் வகைப் போதைக்குச் சிகிச்சை தரும் இடங்களின் அருகே அது 17 சதவீதம் வரை போனதாகவும் சொன்னது. பின்னர் சியாட்டில் நகர வீட்டு விற்பனைகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு விடயத்தைக் காட்டியது. இந்த நிலையங்கள் ஏற்கெனவே விலை குறைந்த இடங்களில்தான் திறக்கப்படுகின்றன, திறந்த பிறகு அவற்றால் மேலும் விலை இறங்கவில்லை. பால்டிமோரில் குற்றச்செயல்களை எண்ணிப் பார்த்தவர்கள், சிகிச்சை நிலையங்களைச் சுற்றி நடக்கும் வன்முறையைவிட மதுக்கடைகளையும் சந்திக் கடைகளையும் சுற்றி நடப்பது அதிகம் என்று 2016இல் எழுதினார்கள்.

மதுக்கடை என்றதும் நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. மலையக நகரங்களில் பார் பக்கத்தில் இருப்பதைக் காரணம் காட்டி யாரும் காணி விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. சம்பள நாள் மாலையில் அந்தப் பாதையால் பெண்பிள்ளைகள் நடந்து வருவது எப்படி என்று மட்டும் வீட்டில் பேசிக்கொள்வோம். கசிப்பு வடிக்கும் இடமும் ஐஸ் கைமாறும் சந்தும் எல்லோருக்கும் தெரியும், வரைபடத்தில்தான் இருக்காது. குடு விற்கிறவன் புனர்வாழ்வு நிலையம் வரும் வரை காத்திருக்கவில்லை. 2023 டிசம்பரில் பொலிஸ் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் சில வாரங்களுக்குள்ளேயே பல்லாயிரம் பேர் கைதானார்கள். 2025 ஒக்டோபர் 30ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க போதைப்பொருளுக்கு எதிரான தேசிய இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். கைதான அவ்வளவு பேரும் ஏதோ ஓர் ஊரின் பிள்ளைகள்தானே. அதில் நம் ஊரும் அடக்கம்.

சரி, அந்தக் காணிக்கே வருவோம். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் பங்களாவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், காலடியில் இருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுவோம். மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 2025 நவம்பரில் டிட்வா புயல் கொண்டுவந்த மழை இந்த மலைகளை என்ன செய்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டுப் பக்கம் நிலத்தில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுக் கசிகிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் அந்தச் சரிவில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டக் கூடாது. பங்களா மேலே, உங்கள் கிணறு கீழே என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். எழுபது எண்பது பேர் தங்கும் இடத்தின் மலக்குழி எந்தப் பக்கம் வரப்போகிறது? கழிவுநீர் எந்தக் கானால் இறங்கும்? தங்கியிருப்பவர்கள் யார் என்பதைவிட இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக் குழந்தையின் உடம்புக்கு நெருக்கமானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதை நேரே கேட்கலாம். பங்களா கல்லூரி விடுதியாக மாறினாலும் ஹோட்டலாக மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

அதன் பிறகு உறுதி. பழைய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிற காணிகளில் 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் நிழல் விழுந்திருக்கும், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கடிதம் இருக்கிறதா என்று சட்டத்தரணி பார்க்க வேண்டும். அரசு அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அது கைமாறாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடம் பின்னோக்கித் தேடாமல் பணம் கொடுப்பது தற்கொலைக்குச் சமம்.

நிலையம் "வருகிறதாம்" என்ற நிலையில் இருக்கும்போது செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு, பலர் அதை யோசிப்பதில்லை. முழுப் பணமும் கொடுத்து உறுதி முடிப்பதற்கு முன் விற்பனை உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டு, அதில் ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்ளலாம். இத்தனை மாதத்துக்குள் இன்ன பங்களாவில் இத்தனை பேருக்கு மேற்பட்ட கட்டாயப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுமதி கிடைத்தால் உடன்படிக்கை இரத்தாகும், முற்பணம் திரும்பும் என்று. ஆனால் இதைத் தரகர் நீட்டும் கோடு போட்ட தாளில் எழுதிப் பயனில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காணி விற்பதற்கான உடன்படிக்கை கூட நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தானால்தான் செல்லும். நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் இலட்சக்கணக்கில் முற்பணத்தை இழந்து நிற்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

கோப்பைப் பார்த்தாகிவிட்டது, அனுமதிப்பத்திரம் பெற்ற, தாங்களாக விரும்பி வருகிறவர்களுக்கான, முப்பது நாற்பது படுக்கையுள்ள நிலையம்தான் வருகிறது என்று தெரிகிறது, சரிவும் உறுதியும் சுத்தம் என்றால் நான் வாங்குவேன். இறங்கிய விலையிலேயே வாங்குவேன். என் தம்பிக்கும் அதையே சொல்வேன்.

அதோடு நிற்கவும் மாட்டேன். கம்மடுவையிலோ கந்தேனுவரவிலோ ஒரு தோட்டத்துத் தாய்க்கு ஐஸுக்கு அடிமையான பதினெட்டு வயது மகன் இருந்தால் இன்று அவள் எங்கே போவாள்? அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் தலங்கமை, கண்டி, காலி, நிட்டம்புவ என்று இருக்கின்றன. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிக் கண்டிக்குப் போய், மொழி புரியாத கருமபீடத்தில் நின்று திரும்ப வேண்டும். மகன் உள்ளே இருக்கும் மாதங்களில் ஒவ்வொரு பார்வையிடும் நாளுக்கும் அதே செலவு. இரத்தோட்டைப் பாதையில் ஒரு நிலையம் வந்தால் அவள் ஒரே பஸ்ஸில் போய் வருவாள். பிரதேச சபை கூட்டம் வைத்து ஊராரின் கருத்தைக் கேட்டால், அன்று காணி வாங்கியவரும் போக வேண்டும். இரவில் மருத்துவர் இருப்பாரா, தமிழில் பேசும் ஆலோசகர் எத்தனை பேர், வெளியேறியவர்களை எத்தனை மாதம் தொடர்ந்து கவனிப்பீர்கள், கழிவுநீர் எங்கே போகும் என்று எழுந்து கேட்க வேண்டும். பதில்களைக் கூட்ட அறிக்கையில் எழுதவைத்து, ஒரு பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.