மருந்துக்கும் ஒரு பரீட்சை

மாணவ மாணவியரே! பரீட்சை என்றதும் உங்களிற் பலருக்கு முகம் வாடும். உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்வேன். பரீட்சை உங்களுக்கு மட்டும் உரியதன்று. நீங்கள் விழுங்கும் மாத்திரைக்கும் உண்டு. அப்பரீட்சை எவ்வாறு நடைபெறுகிறது, பெரும் பெயர் பெற்ற ஒரு தடுப்பு மருந்து நம் செங்கற்பட்டு மாவட்டத்திலே அதனை எழுதியபோது என்ன நேர்ந்தது என்பவற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மருந்துக்குப் பரீட்சை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏதோ ஒரு கஷாயம் குடித்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. இதனின்று அக்கஷாயமே காய்ச்சலைப் போக்கியது என்று முடிவு கட்டலாமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமன்றோ? பல நோய்கள் தாமே வந்து தாமே நீங்குவன. அன்றியும், மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையே உடலுக்கு ஓரளவு தெம்பு தரும். மருந்து கொடுத்தவரோ, அது பலிக்க வேண்டும் என்ற ஆவலினாலே, பலித்ததாகவே காண்பார். இம்மூன்றும் சேர்ந்து மனிதனைப் பன்னூறு ஆண்டுகள் ஏமாற்றி வந்துள்ளன.

இவ்வேமாற்றத்தினின்று தப்ப அறிஞர் கண்ட வழி மிக எளியது. நோயாளிகளை இரு கூறாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூறுக்குப் புதிய மருந்தையும், மற்றொன்றுக்குப் பழைய மருந்தையோ, மருந்தைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மருந்தையோ கொடுக்க வேண்டும். யார் எந்தக் கூறில் சேர்வது என்பதை மருத்துவர் தீர்மானிக்கக் கூடாது. திருவுளச்சீட்டுப் போன்ற முறையே தீர்மானிக்க வேண்டும். இல்லையேல் வலுவுள்ள நோயாளிகளெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடக் கூடும். பொதுத் தேர்வில் உங்கள் விடைத்தாளிலிருந்து பெயரை நீக்கி எண் மட்டும் இட்டுத் திருத்த அனுப்புகிறோம் அல்லவா? அவ்வாறே மருந்தின் பலனை மதிப்பிடுபவருக்கும் எவர் எதனை உண்டார் என்பது தெரியலாகாது. 1948இல் இங்கிலாந்தில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சி இம்முறைக்கு முன்னோடியாக விளங்கிற்று. அது காசநோய்க்கான மருந்து.

அக்காசநோயை வைத்தே நம் சென்னை மாநகரமும் உலகுக்கு ஒரு பாடம் கற்பித்தது. காசநோயாளிக்கு நல்ல காற்றும், ஓய்வும், சத்துணவும் தரும் ஆரோக்கிய நிலையம் இன்றியமையாதது என்று அந்நாளில் எல்லோரும் நம்பினர். ஆனால் நோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ மிகச் சில. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம் துணிந்து ஒரு சோதனை நடத்திற்று. நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 200 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களில், ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்துக்கு அனுப்பி, மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தனர். இரு பகுதியினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளே அளிக்கப்பட்டன. நிலையத்தில் இருந்தோர் நன்கு உண்டனர். உடல் எடையும் கூடினர். ஆனால் நோய் குணமானதில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. படுக்கை கிடைக்கவில்லையே என்று ஏங்கிய ஏழைக்கு, வீட்டுத் திண்ணையே போதும் என்ற நற்செய்தி அதனால் கிடைத்தது.

அந்நோயாளிகள் உண்ட மருந்துகளில் ஒன்று ஐசோனியசிட். ஒரு மருந்து உடலுக்குள் செல்லும் பயணத்தை இதனைக் கொண்டே அறியலாம். விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, சிறுகுடலின் சுவர் வழியே இரத்தத்தில் கலக்கிறது. அவ்விரத்தம் முதலில் கல்லீரலுக்குச் செல்லும்; பிறகு இருதயத்தை அடைந்து, அங்கிருந்து உடலெங்கும் பரவும். மருந்துக்கு விலாசம் தெரியாது. நுரையீரலில் நோய் இருந்தாலும், கால் விரல் நுனிவரை அது சென்றே தீரும். பக்க விளைவு என்று நாம் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஐசோனியசிட் உண்டவர்களிற் சிலருக்குப் பாதம் எரிந்தது, நரம்புகள் நலிந்தன. காரணம் ஆராயப்பட்டது. இம்மருந்தைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அது பிறவியிலேயே அமைவது. மெதுவாகச் சிதைப்பவரின் இரத்தத்தில் மருந்து நெடுநேரம் தங்கி, உடலில் பி6 என்னும் உயிர்ச்சத்தின் வேலையைக் கெடுக்கிறது. அவ்வுயிர்ச்சத்தைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் எரிச்சல் வராமலே தடுத்துவிடலாம் என்பதும் புலனாயிற்று. ஒரே அளவு மருந்து எல்லோருக்கும் ஒன்றாகாது என்பதை இதனால் உணர்க.

எத்தனை நாள் உண்பது என்பதும் சோதித்தே அறிய வேண்டிய ஒன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நான் பணியாற்றியபோது, மாணவன் ஒருவனின் தந்தை காசநோய்க்கு இரண்டு மாதம் மாத்திரை உண்டு நிறுத்திவிட்டார். மீன்பிடி தொழிலாளர் அவர். "இருமல் நின்றுவிட்டதே ஐயா, இனி மாத்திரை எதற்கு?" என்றார். "படகுக்குள் வந்த தண்ணீரை இறைத்துவிட்டு, ஓட்டையை அடைக்காமல் கடலுக்குப் போவீர்களா?" என்று கேட்டேன். சிரித்தார்; ஆனால் மறுநாளே மருத்துவமனைக்குச் சென்றார். விஷயம் இதுதான்: விரைந்து பெருகும் கிருமிகள் முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் மடிந்துவிடும், இருமல் நிற்கும். உறங்குவன போல் கிடக்கும் சில கிருமிகளோ எளிதில் மடிவதில்லை. மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். சில வேளை மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் என்னும் கணக்கு எவருடைய ஊகமும் அன்று. சென்னை உள்ளிட்ட பல இடங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துக் கண்ட முடிவு அது.

இனிச் செங்கற்பட்டுச் சோதனைக்கு வருவோம். வந்த நோயைத் தீர்ப்பது மருந்து. நோய் வருமுன் காப்பது தடுப்பூசி. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பிரான்சு நாட்டு அறிஞர்களான கால்மெட், கெரேன் என்னும் இருவர் 1908 முதல் 13 ஆண்டுகள் உழைத்து உருவாக்கினர். வலுவிழந்த உயிருள்ள கிருமியே அது. காவற்காரனுக்குத் திருடனின் சாயலை முன்கூட்டியே காட்டி வைப்பது போல, அது உடலின் காப்புச் சக்தியைப் பழக்குகிறது. 1948இல் சென்னைக் கிண்டியில் இவ்வூசி மருந்தைத் தயாரிக்கும் கூடம் அமைந்தது. நாடெங்கும் ஊசி போடும் இயக்கம் பரவியது. 1955இல் இராஜாஜி அதனை வன்மையாக எதிர்த்து நூல் வெளியிட்டார். அரசினர் தக்கவாறு மறுமொழி கூறினர். வெளிநாட்டுச் சோதனைகளும் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் 1950இல் பள்ளி மாணவரிடையே தொடங்கிய சோதனையில், ஊசி ஐந்தில் நான்கு பங்கு நோயைத் தடுத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்ததிலோ பலன் மிகச் சொற்பமே. வாதத்தால் தீராத வழக்கைச் சோதனைதானே தீர்க்க வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் இணைந்து, 1968இல் இச்சோதனையைத் தொடங்கிற்று. களம், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவள்ளூர்ப் பகுதி. நான் தொடக்கப் பள்ளியில் படித்த காலம் அது. 209 ஊராட்சிகளிலும் ஒரு நகரத்திலுமாக, 1971ஆம் ஆண்டுக்குள், ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை ஏறத்தாழ 2,60,000 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். இருவேறு வகைப் பி.சி.ஜி. மருந்துகள், இருவேறு அளவுகளில் போடப்பட்டன; ஒரு பகுதியினருக்கு வெற்று மருந்து. குப்பிகளில் குறியீடு மட்டுமே இருந்தது. ஊசி தோலில் தழும்பை உண்டாக்குமாதலால், போட்டுக்கொண்டவர் ஊகிக்கக் கூடும். ஆனால் எக்ஸ்ரே படத்தையும் சளியையும் ஆராய்ந்தவர் கண்ணுக்கு அத்தழும்பு படாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று, மக்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்து, புதிதாக நோயுற்றோரைக் கண்டறிந்தனர்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளிவந்தது. உலகம் வியந்தது. ஊசி போட்டவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்ததில் வேறுபாடே இல்லை! கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட ஊசி பரீட்சையில் தேறவில்லை. பொறுமையோடு 15 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தனர். 1999இல் வெளியான இறுதி அறிக்கையும் அதையே கூறிற்று: வயது வந்தோருக்குப் பாதுகாப்பில்லை, சிறுவரிடம் காணப்பட்டது சொற்பமே, அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

காரணம் யாது? நாம் வாழ்வது, திருவள்ளூர் வயல்களிலிருந்து மாமல்லபுரக் கரைவரை, வெப்பமும் ஈரமும் கலந்த சமவெளி. இம்மண்ணிலும் நீரிலும் காசக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் தீங்கு செய்யாத கிருமிகள் மலிந்துள்ளன. நம் உடல் இளமையிலேயே அவற்றோடு பழகிவிடுவதால், ஊசி புதிதாகக் கற்பிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது பலர் கூறும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. முழுத் தெளிவு இன்னும் பிறக்கவில்லை.

அப்படியாயின் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவானேன் என்று கூர்மதியுள்ள மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. செங்கற்பட்டுச் சோதனை பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் நோயையே முக்கியமாக அளந்தது. பிறந்தவுடன் ஊசி போடுவதை அது சோதிக்கவில்லை. பச்சிளங் குழந்தையின் மூளை உறையைத் தாக்கும் கொடிய காசத்தை இவ்வூசி தடுக்கிறது என்பதை வேறு ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன. ஒரு பாடத்தில் தவறியவன் மற்றொரு பாடத்தில் தேறுவதில்லையா? எந்த வினாவைக் கேட்டோமோ அந்த வினாவுக்கே சோதனை விடை தரும்.

வெற்று மருந்து பெற்றவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதோ என்றும் சிலர் ஐயுறலாம். பலன் உண்டா இல்லையா என்பது மெய்யாகவே தெரியாத நிலையில்தான் இத்தகைய சோதனை தகும். இங்கோ, வெற்று மருந்து பெற்றவர் எதையும் இழக்கவில்லை என்பதை முடிவே காட்டிற்று. ஆயினும் சோதனைக்கு உட்படுபவரின் உரிமையை இன்று சட்டம் மேலும் உறுதியாகக் காக்கிறது. புதிய மருந்தை முதலில் விலங்குகளிடமும், பின்னர்ச் சில மனிதரிடமும், அடுத்து நூற்றுக்கணக்கானோரிடமும், அதன்பின் ஆயிரக்கணக்கானோரிடமும் படிப்படியாகவே சோதிக்கலாம். விஷயத்தை விளங்கச் சொல்லி இசைவு பெறவேண்டும். விரும்பாதவர் எந்நேரமும் விலகலாம். அறநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் விதிகள் இவற்றை வகுத்துள்ளன. இச்சோதனைகளை முன்னதாகவே பொதுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயமாயிற்று. பாதகமான முடிவை மறைப்பதற்கு இடமிராமற் செய்வதே அதன் நோக்கம்.

மாணவர்களே, செங்கற்பட்டுச் சோதனையை நடத்தியோர் ஊசி வெல்லும் என்றே எதிர்பார்த்திருந்தனர். எதிர்பார்த்தது பொய்த்தபோது, கண்டதைக் கண்டபடியே உலகுக்கு அறிவித்தனர். "ஆம்" என்னும் விடைக்கு உள்ள மதிப்பு "இல்லை" என்னும் விடைக்கும் உண்டு. அதனைச் சொல்லத்தான் துணிவு மிகுதியாக வேண்டும். காசநோய்க்கு மேலான தடுப்பூசி தேடி உலக அறிஞர் இன்று உழைக்கின்றனர். வீட்டு வாசலில் நின்று, கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு, ஆண்டுகள் பலவாகச் சளி கொடுத்து, எக்ஸ்ரேக்கு நின்ற நம் மாவட்டத்து உழவரும் கூலியாட்களும் அவ்வுழைப்புக்கு அடிகோலியவர்கள். இனி எவரேனும் ஒரு மருந்தை வானளாவப் புகழ்ந்தால், அவரிடம் பணிவோடு மூன்று வினாக்களைக் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? மதிப்பிட்டவர்களுக்கு யார் எதை உண்டார் என்பது தெரிந்திருந்ததா? விடை கிடைத்தால் நம்புங்கள், கிடைக்காவிடில் பொறுத்திருங்கள்.