எந்த நாயனத்தைப் போடுவது?

கலியாணம், சாமத்திய வீடு, குடிபூரல் என்று ஒரு மங்கள காரியம் நெருங்கும்போது பெண்கள் சிலர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. "அக்கா, மேளம் பிடிக்க வசதியில்லை. ரெக்கோட்டிலை போடுறதுக்கு எது நல்லது?" பழைய ஒலிநாடாக்களும் இப்போதைய பென்ட்ரைவ்களுமாக என்னிடம் நாதஸ்வரப் பதிவுகள் கொஞ்சம் சேர்ந்திருப்பது கண்டியில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேட்பவர்களில் அனேகர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து கட்டுக்கலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களில் வாடகைக்கு இருப்பவர்கள்.

இது சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். வீடு, காணி, நகை போனதைப் பற்றி எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறோம். ஊர்க் கோயிலின் மேளச் சத்தம் போனதைப் பற்றி எந்தப் படிவமும் கேட்கவில்லை.

யூடியூப்பில் நாதஸ்வரம் என்று தேடினால் ஒரே இராகத்துக்கே பத்துப் பதினைந்து பதிவுகள் வந்து நிற்கும். முதலில் வருவதை எடுத்துப் போட்டால் காரியம் முடிந்துவிடும்தான். ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் தேர்வு இலகுவாகும். இருந்து கேட்பதற்கு ஒன்று, கலியாண வீட்டுக்கு இன்னொன்று.

இருந்து கேட்பதற்கு என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1898இல் பிறந்து 1956இல் காலமானவர் அவர். தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி என்று சொல்லுமளவுக்கு அந்த இராகம் அவரோடு ஒட்டிக்கொண்டது. கோயிலில் மணிக்கணக்காக வாசித்த ஒருவர் 78 சுற்று இசைத்தட்டுக்காக ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமளவில் அதை அடக்க வேண்டியிருந்தது. அந்த அவசரம் அதில் தெரியும். ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்குள் மூச்சு எங்கே விடுகிறார் என்று தேடிப் பாருங்கள், இலேசில் பிடிபடாது. நாதஸ்வரத்தில் பாடலாம் என்று அவர் காட்டியது அங்கேதான். இந்தப் பழைய தட்டுகளில் ஒரு இரைச்சல் இருக்கும், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல. அதை நீக்கிச் 'சுத்தம்' செய்த பதிவுகளும் கிடைக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. இரைச்சலோடு சீவாளியின் கூர்மையும் போய்விடுகிறது, மிஞ்சுவது மூக்கடைத்தவர் பாடுவதுபோல் இருக்கிறது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஆபேரியில் வாசித்தவர் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வரும். குருவின் வழிதான், ஆனால் ஒலி இன்னும் கனிந்தது. குருவின் தோடியையும் சீடரின் தோடியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலாவது எழுந்து நிற்க வைக்கும், இரண்டாவது இருத்தி வைக்கும். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) மெருகான, வெளிச்சமான ஒலிக்காரர். கலியாண வீடுகளில் ஒலிநாடாக் காலத்திலிருந்தே அவரைப் போடுகிறார்கள் என்றால் காரணம் உண்டு. ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த முஸ்லிம் வித்துவான். அவர் கீர்த்தனை வாசித்தால் சொற்கள் காதில் விழுகின்றன என்றே சொல்லத் தோன்றும்.

பெண்கள் வாசித்த பதிவு ஏதும் இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டாள். இருக்கிறது. மதுரை பொன்னுத்தாய், ஆண்களே நின்ற இடத்தில் நாயனத்தோடு நின்றவர். இன்று காலீஷாபி, கணவர் ஷேக் மெஹபூப் சுபானியுடன் சேர்ந்து வாசிக்கிறார். இருவரும் மௌலானாவிடம் கற்றவர்கள், 2020இல் இந்தியாவின் பத்மஸ்ரீ விருது பெற்றவர்கள். இருவர் சேர்ந்து வாசிக்கும்போது மூச்சு மாறுமிடத்தில் ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பதை உற்றுக் கேளுங்கள்.

வெள்ளைக்காரரிடமும் இப்படி ஒப்பிட்டுக் கேட்கும் பழக்கம் உண்டு. ஜோசப் ஹைடன் 1796இல் எழுதிய ட்றம்பெட் கொன்சேர்ட்டோ ஒன்று இருக்கிறது. 2021இல் வந்த 'ஸ்குவிட் கேம்' கொரியத் தொடரில் ஆட்களை எழுப்பப் போடும் இசை அதன் மூன்றாம் பகுதிதான், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து ட்றம்பெட்டில் எல்லாச் சுரங்களும் வராது. அன்ரன் வைடிங்கர் என்ற கலைஞர் சாவிகள் பொருத்திய புதுக் கருவியில் வாசித்தார், அவருக்காகவே ஹைடன் எழுதினார். 1983இல் வந்த விண்டன் மார்சாலிஸின் பதிவையும், பிரித்தானியப் பெண் கலைஞர் அலிசன் போல்சமின் பதிவையும் ஒப்பிட்டு அங்கே இரசிகர்கள் வாதிடுவார்கள். ஆனால் அங்கே சுரங்கள் தாளில் எழுதப்பட்டவை. கலைஞர் தன் விருப்பத்துக்கு வாசிக்க ஓரிரு இடம்தான் விடப்படும். எங்கள் இராக ஆலாபனையில் முழுவதுமே அந்த இடம்தான். ஆகவே எது 'சரியான' பதிவு என்ற கேள்வி எமக்கில்லை.

தவிலைச் சொல்லாமல் போனால் யாழ்ப்பாணத்தார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) இந்திய வித்துவான்களே கூட வைத்து வாசிக்க விரும்பிய தவில்காரர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த விவரணப் படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. அவர் வாழ்ந்த அளவெட்டியின் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் (1931–2003). இவர்களின் பதிவுகளைக் கேட்கும்போது கூட்டத்தின் சத்தமும், பிள்ளை அழுவதும், யாரோ "ஆகா" என்பதும் சேர்ந்து வரும். அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள். ஊர் அதற்குள் இருக்கிறது.

நாதஸ்வரம் வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம் என்பதைக் கண்டிக்கு வந்த பிறகுதான் எனக்கு நன்றாக விளங்கியது. தலதா மாளிகையில் பூசை வேளைகளில் மேளங்களோடு ஒலிக்கும் ஹொரணையும் சீவாளி வைத்து ஊதுவதுதான், எங்கள் நாயனத்துக்கு உறவு. பக்கத்தில் நின்றால் காதைக் குத்தும், வாவிக்கரையில் நின்று கேட்டால் இனிக்கும். பதிவிலும் அப்படித்தான். மைக்கை அணசுக்குள் வைத்ததுபோல் பிடித்த பதிவு சின்ன வீட்டில் தலையிடி தரும். கொஞ்சம் தள்ளிப் பிடித்ததைத் தெரிவு செய்யுங்கள். இயலுமானவர்கள் மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய், ஐந்து தேர் வரும் வீதியில் நின்று நேரில் ஒருமுறை கேளுங்கள். கண்டியிலிருந்து 25 கிலோமீற்றர் அளவுதான். அதன் பிறகு பதிவு எதை இழக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

இனிக் கலியாண வீடு. எங்கள் பின்வளவில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். மகளின் கலியாணத்துக்கு மேளகாரரைத் தூரத்திலிருந்து கூப்பிட்டுப் போக்குவரத்தும் தங்குமிடமும் கொடுக்க அவரால் முடியவில்லை. இரண்டு பின்னேரம் என் வீட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை, "இது பெரிய சாமான், இதைப் போட்டால் சனம் சோற்றை மறந்திடும்" என்று தள்ளி வைத்தார். நல்ல தீர்ப்பு. மாப்பிள்ளை வரும்போதும் சபை கூடும்போதும் கிருஷ்ணனை எடுத்தார். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி. முகாரி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கோப்பையும் கடைசிவரை கேட்டோம், தலைப்பில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்று இருப்பதுண்டு.

சிக்கல் கெட்டிமேளத்தில்தான். உயிரோடு இருக்கும் தவில்காரர் ஐயரின் கையைப் பார்த்து அடிப்பார். பதிவுக்குக் கண் இல்லை. பிந்தினால் தாலி கட்டி முடிந்த பிறகு முழங்கும். ஆகவே கெட்டிமேளத்தை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் வெறும் அமைதி இருந்தால் அதையும் வெட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் போடுவதானால் சிம்மைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வரும். யூடியூப்பில் நேரே போட்டால் விளம்பரம் வரும். மேடையை நேராகப் பார்க்கக்கூடிய ஒருவர், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், கருவிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

யார் நிற்பது என்ற பேச்சு வந்தது. தாலி கட்டும் நேரம் முன்னுக்கு நிற்க வேண்டாம் என்று உறவுக்காரர் ஒருவர் அக்காவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். விதவை என்பதுதான் காரணம், வேறென்ன. அக்கா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அப்ப மெசினோடை நான் நிக்கிறன்" என்றார். மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்த பக்கத்தூண் மேடைக்கு நேரெதிரே இருந்தது. ஐயர் தாலித் தட்டை எடுத்ததும் அவருடைய விரல் பொத்தானில் இருந்தது. ஐயரும் அவரைப் பார்த்துத்தான் தலையசைத்தார். கெட்டிமேளம் ஒரு கணமும் பிந்தவில்லை. அந்த உறவுக்காரர் மேடையில் நின்றார், அவருக்கு முன்னால் வீடியோக்காரரின் முதுகுதான்.

பிறகு அக்கா என்னிடம் கேட்டு வாங்கியது கலியாணத்துக்குப் போட்டவற்றை அல்ல. பத்மநாதனின் நாயனத்தோடு ஒரு திருவிழாப் பதிவை. இரவில் மெதுவாகப் போட்டுக் கேட்கிறார்.

இப்படியான ஒலிநாடா உங்கள் பெட்டிகளில் எங்காவது கிடந்தால் ஒரு வேண்டுகோள். கண்டி ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படியே போட்டால் கருவியின் ஹெட்டும் கெடும், நாடாவும் அறும். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் பென்சிலால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றித் தளர்த்திவிட்டு, ஒருதரம் முழுதாக ஓடவிட்டுத் தொலைபேசியிலாவது பதிவு செய்து வையுங்கள். உறையில் எழுதியிருக்கும் கோயில் பெயரையும் ஆண்டையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்ததை ஓடவிடாமல், பழைய ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்கள் யாராவது அருகில் இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் கையில் இன்னும் அந்த வேலை இருக்கிறது.