நகல் பதக்கம் ஏன் சிறுக்கிறது?

1438-இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான், திருச்சபைச் சங்கத்துக்காக இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். ஓவியர் பிசனெல்லோ அவர் முகத்தை வெண்கலப் பதக்கத்தில் வடித்தார். மறுமலர்ச்சிக் கால உருவப் பதக்கக் கலைக்கு அதுவே தொடக்கம்.

எப்படிச் செய்தார்கள்? முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். நாணயம்போல் ஏன் அடிக்கவில்லை? சுமார் 10 செ.மீ. அகலத்தில் அத்தனை புடைப்பான உருவம் அன்றைய சுத்தியல் அடிக்கு வசப்படாது.

வெண்கலம் ஆறும்போது சுருங்கும். எனவே, முடிந்த பதக்கத்திலிருந்தே அச்சு எடுத்து வார்த்த நகல், மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகிவிடும். எழுத்துகளும் முடியிழைகளும் மழுங்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் விட்டத்தை அளந்து பார்க்கிறார்கள். கலைஞனின் கைபட்ட முதல் வார்ப்பை அடையாளம் காண அந்தச் சில மில்லிமீட்டர்களே துணை.