வேளை அறிந்து ஊட்டுவோம்

நாய் நன்றியுள்ள பிராணி என்று தொடக்கப் பள்ளியிலேயே கட்டுரை எழுதியவர்கள் நாம். ஆனால் அந்தப் பிராணிக்கு எதை, எப்பொழுது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அக்கட்டுரையில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு குட்டியை இழக்க வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், எங்கள் தெரு நாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றை வீட்டிற்கு எடுத்து வந்தேன். வயது ஐந்து வாரம் இருக்கும். எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்பதை அறியேன். அது என் முதற்பிழை. மணி என்று பெயரிட்டோம். அப்பா தேநீரில் நனைத்த ரொட்டி கொடுப்பார். தங்கை பால் ஊற்றுவாள். பாட்டி குழம்புச் சோறு வைப்பார். நான் பிஸ்கட் போடுவேன். வயிறு பானைபோல் உப்பியது; கொழுத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். பின்னர் வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கால்நடை மருந்தகத்திற்குத் தூக்கிச் சென்றேன். "தம்பி, முந்தாநாளே வந்திருக்கக் கூடாதா?" என்றார் மருத்துவர். அன்று மாலையே மணி இறந்தது.

அம்மருத்துவரிடம் பின்னர் கேட்டறிந்தவற்றையும், விலங்கியல் மாணவன் என்ற முறையில் படித்தவற்றையும், இப்பொழுது வளர்க்கும் வீரன் என்னும் குட்டியிடம் கண்டவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலில் வேளை. குட்டியின் இரைப்பை சிறியது; தேவையோ பெரியது. பால் மறந்த குட்டிக்கு, எடைக்கு எடை பார்த்தால், வளர்ந்த நாயைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்ட வேண்டும். 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை. 6 மாதம் வரை 3 வேளை. அதன்பின் 2 வேளை போதும். உண்டது போக மிஞ்சியதை 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். உண்டவுடன் வெளியே அழைத்துச் சென்றால், வீட்டிற்குள் அசுத்தம் செய்யாத பழக்கமும் வந்துவிடும். தண்ணீருக்கு மட்டும் வேளை கிடையாது. எந்நேரமும் இருக்க வேண்டும்.

அடுத்து உணவு. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்கு உண்டு. பால் சர்க்கரையோ குறைவு. பால் மறக்கும் பருவத்தில் அச்சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் குறைந்து விடுகிறது. எனவே கிண்ணம் கிண்ணமாகப் பசும்பால் ஊற்றினால் வயிறு போகும். ஓநாயின் வழிவந்த நாய்க்குச் சோறு ஆகுமா என்று கேட்கலாம். மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல படிகள் மிகுந்திருப்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் எடுத்துக்காட்டினர். ஆகவே குழைய வெந்த சோறு ஆகும். சோறு மட்டும் ஆகாது. முட்டையோ கோழிக்கறியோ சேர வேண்டும். ஆனால் கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. சோறும் கறியும் மட்டுமே உண்ட குட்டியின் கால்கள் வளையக்கூடும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உள்ளது. வேகவைத்து உலர்த்திப் பொடித்துச் சேர்க்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். மிகினும் எலும்பு கெடும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவை கூடவே கூடா. பாட்டியின் குழம்பில் முதல் இரண்டும் இருந்தன!

மூன்றாவது புழு. மணியின் வயிறு உப்பியது கொழுப்பால் அன்று, உருளைப்புழுவால். இப்புழு தாயின் கருவிலேயே குட்டியைச் சேர்ந்துவிடும். இரண்டு வார வயது முதல் இரு வாரத்திற்கொரு முறை, 2 மாதம் வரை மருந்து தர வேண்டும். பிறகு 6 மாதம் வரை மாதமொரு முறை. தடுப்பூசிகளை 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கிவிட வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

தங்கை எழுதிய நேரப்பட்டியல் இன்று எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. ஊட்டும் பொறுப்பு அம்மாவுக்கு மட்டுமே. ஞாயிறுதோறும் மளிகைக்கடைத் தராசில் வீரனை நிறுத்துக் குறித்துக்கொள்கிறேன். "எனக்குக்கூட இப்படி வேளைக்குச் சோறு வந்ததில்லையடா" என்கிறார் பாட்டி. ஆயினும் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வீரனுக்கு நீட்டப் போனவர், சுவரைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொள்கிறார்.

மணியிடமும் எங்களுக்கு அன்பு குறைவில்லை. குறைந்தது அறிவுதான். நண்பர்களே, குட்டியொன்றைத் தூக்கி வருமுன் அதையும் தேடிக்கொள்ளுங்கள்.