சத்திரசிகிச்சைக்கு முன் போடும் ஊசி: வாய் காய்ந்தாலும் தண்ணீர் கொடுக்கவேண்டாம்

2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, கட்டைபறிச்சான் நலன்புரி நிலையத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வீடு திரும்பிய குடும்பங்களில், "ஊருக்குப் போய்ப் பார்ப்பம்" என்று தள்ளிவைத்த சத்திரசிகிச்சை ஒன்று இருக்கக்கூடும். மூதூர் ஆதார வைத்தியசாலையிலோ திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ உங்களுக்குத் திகதி தந்திருந்தால், இதை வீட்டில் எல்லோருமாக வாசியுங்கள். முக்கியமாக, நோயாளிக்குத் துணையாக நிற்கப்போகிறவர் வாசிக்கவேண்டும்.

சத்திரசிகிச்சைக்குச் சற்று முன், வாட்டிலோ தியேட்டரிலோ சிலருக்கு அற்றோப்பீன் அல்லது கிளைக்கோபைரோலேட் என்ற ஊசி போடுவார்கள். இது மயக்க ஊசி அல்ல. வாயிலும் தொண்டையிலும் எச்சில், சளி ஊறுவதைக் குறைக்கும். மயக்கத்தின்போது இதயத் துடிப்பு மிகவும் குறைந்துபோகாமல் காக்கும். ஈதர் கொடுத்து மயக்கிய காலத்தில் எச்சில் நிறைய ஊறியதால் அநேகமாக எல்லோருக்கும் இந்த ஊசி போட்டார்கள். இன்று தேவையானவர்களுக்கு மட்டுமே. பக்கத்துக் கட்டிலில் உள்ளவருக்குப் போட்டு உங்களுக்குப் போடவில்லை என்றால் அது கவனக்குறைவு அல்ல.

அற்றோப்பீன் என்ற பெயர் வயல் செய்பவர்களுக்குப் புதிதல்ல. பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களுக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். "நஞ்சுக்குப் போடுகிற ஊசியை அம்மாவுக்கு ஏன் போடுகிறார்கள்?" என்று பதறவேண்டாம். நஞ்சை முறிக்கப் பெரிய அளவில், திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். சத்திரசிகிச்சைக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு.

ஊசி போட்டபின் வாய் காய்ந்து நாக்கு ஒட்டும். நெஞ்சு படபடக்கலாம், முகம் சூடாகிச் சிவக்கலாம், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாம். மருந்து வேலை செய்யும்போது இப்படி இருக்கும். சில மணித்தியாலங்களில் குறைந்துவிடும்.

துணைக்கு நிற்பவருக்குக் கஷ்டமான நேரம் இதுதான். "தண்ணி தா" என்று கேட்பார்கள். பிளேன்டீ வேண்டாம், தண்ணீர் ஒரு மிடறுகூட வேண்டாம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உதட்டை ஈரத்துணியால் துடைக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள். தெரியாமல் ஏதும் கொடுத்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். திகதி மாறலாம்; ஆள் தப்புவார்.

வியர்வையும் குறைவதால் பிள்ளைகளுக்கு உடம்பு சுடலாம். வெயில் காலத்தில் போர்த்தி மூடாதீர்கள். வயதானவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் இடம் தெரியாமல் பிதற்றினால், சலம் போக முடியாமல் வயிறு உப்பினால், யாருக்கேனும் கண் வலித்துப் பார்வை மங்கினால், காத்திராமல் தாதியைக் கூப்பிடுங்கள்.

ஊசிக்கு முன் வைத்தியரிடம் சொல்லவேண்டியவையும் உண்டு: கண் அழுத்த நோய், ஆண்களுக்குச் சலம் தடைப்படுதல், இதய வருத்தம், முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, கர்ப்பம், தாய்ப்பால் கொடுத்தல். ஓட்டத்தில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் வெட்கப்படவேண்டாம், வாயால் சொன்னால் போதும். இப்போது குடிக்கும் குளிசைகளை மட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதையும் சொல்லவேண்டும். ஊமத்தையில் இருப்பதும் இதே வகை மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும்.