கோமாரி ஊசி: ஒரு சின்னக் கணக்கு

கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தையும் கூடும். பல ஊர் மாடுகள் ஒரே இடத்தில் நிற்பது கோமாரி பரவத் தோதான நேரம். 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தடுப்பூசி இலவசம். 6 மாதத்துக்கு ஒருமுறை போடுறாங்க. ஆனாலும், "ஊசி போட்டா பால் குறையும்"னு தயங்குறவங்க உண்டு.

அந்தத் தயக்கத்தையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். பால் லிட்டர் 35 ரூபாய். ஊசிக்குப் பிறகு 3 நாள், தினம் 1 லிட்டர் குறைந்தால் நஷ்டம் 105 ரூபாய். கோமாரி வந்து 30 நாள், தினம் 5 லிட்டர் குறைந்தால் 5,250 ரூபாய். 50 மடங்கு! ஆக, அடுத்த 6 மாதத்தில் நோய் வரும் வாய்ப்பு 50-ல் ஒன்றுக்கு மேல் இருந்தாலே ஊசி லாபம். ஊசி பாதி மாடுகளுக்குத்தான் பலிக்கும் என்று வைத்தாலும், 25-ல் ஒன்று போதும். வைத்தியச் செலவு, சினை தள்ளிப்போவது, கன்று சாவது எதையும் இதில் சேர்க்கவில்லை.

ஊசி போட்ட மாட்டால் பக்கத்து வீட்டு மாட்டுக்கும் ஆபத்து குறையும். அந்த லாபம் நம்ம கணக்கில் ஏறாது. அரசு செலவை ஏற்பதன் நியாயம் அதுதான்.

ஒன்று மட்டும்: எதிர்ப்பு சக்தி வர 2, 3 வாரம் ஆகும். சந்தைக்கு முந்தின நாள் போட்டு பிரயோஜனம் இல்லை.